பிளேன் படக்காரர் வீடு

மலாயாவின் ஜாசின் டவுனிலிருந்து ஆறாவது மைலான ஆறாம் கட்டையில் இறங்கி, ரப்பர்த் தோட்டத்து மேட்டு லயத்து வரிசையில் கடைசி வீடு எது என்று யாரும் நம்பர் சொல்லிக் கேட்டதில்லை. "பிளேன் படக்காரர் வீடு எங்க?" என்று கேட்டால் போதும், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடும். அந்த வீட்டுக்காரி பெத்தம்மாள். பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்குகிறவள். படக்காரர் என்று பெயர் வாங்கியவர் அவள் புருஷன் அங்கமுத்து.

அங்கமுத்து நாலு வயதில் தாயோடு கப்பலேறி வந்தவர். ராசிபுரத்துப் பக்கம் ஒரு கிராமம். அந்த ஊரின் பெயரைத் தவிர வேறொன்றும் அவருக்கு நினைவில் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் பிடித்துப் போனார்கள். தோட்டத்திலிருந்து போன முப்பத்தொரு பேரில் நாலு பேர் திரும்பினார்கள். அவர்களில் ஒருவராக அவர் வந்தபோது பெத்தம்மாளுக்கே அடையாளம் தெரியவில்லை. வாசலில் யாரோ பிச்சைக்காரன் நிற்கிறான் என்று நினைத்து, உள்ளே போய் அவித்த மரவள்ளிக் கிழங்கு எடுத்து வந்தாள். அவர் அதை வாங்கித் தின்றுவிட்டுத்தான், "பெத்தா, நான்தான்" என்றார்.

இடது கால் வளைந்துபோயிருந்தது. மலைக்காட்டில் ஏறி இறங்கி மரம் வெட்ட முடியாது. அதனால் மலாக்கா டவுனில், கப்பல் டிக்கெட்டும் விமான டிக்கெட்டும் விற்கிற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பியூன் வேலைக்குப் போனார். வாரம் ஆறு நாள் அங்கேயே தங்கல். சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவார். அப்படி வந்த ஒரு சனிக்கிழமைதான் முதல் படம் வந்தது.

கம்பெனியின் கண்ணாடி ஜன்னலில் ஒட்டுவதற்காகச் சிங்கப்பூரிலிருந்து சுருட்டிய படங்கள் வரும். பாய் அகலத்துக்குப் பெரிய படங்கள், கையால் வரைந்து அச்சடித்தவை. புதுசு வந்ததும் பழசைக் கழற்றி எரிக்கச் சொல்வார் துரை. எரிக்க அங்கமுத்துவுக்கு மனசு வரவில்லை. கம்பெனிக் குமாஸ்தாவான பெரிய கிராணியிடம் கேட்டார். "எடுத்துக்கிட்டுப் போய்யா, சாம்பல் அள்ளுற வேலை மிச்சம்" என்றார் அவர்.

மரவள்ளிமாவில் கஞ்சி காய்ச்சி, பலகைச் சுவரில் அந்தப் படத்தை ஒட்டினார். நீலக் கடல். ஒரே நீலம், அதில் ஒரு சுருக்கம் இல்லை. கரையில் ஒரு பெண் காதோரம் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேல் மூலையில், உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளை விமானம்.

"பிளேனு படம்னீங்க, இத்துணூண்டு போட்டிருக்கான்?" என்று கேட்டாள் பெத்தம்மாள்.

"அதான் சங்கதி. பிளேனை விக்கல அவன். அது போய் எறங்குற எடத்தை விக்கிறான்."

அப்புறம் பனிமலைப் படம் வந்தது. பெத்தம்மாள் அதை உப்பு மலை என்று நினைத்தாள். மஞ்சள் வெயிலில் குடை நட்ட கடற்கரை வந்தது. இந்தியாவுக்குப் போகும் விமானத்தின் படமும் வந்தது. ஏரி, ஏரிக்கு நடுவில் வெள்ளை மாளிகை, தங்க அம்பாரி வைத்த யானை, குடம் சுமந்து சிரிக்கிற பெண். அங்கமுத்துவுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். அடியில் போட்டிருக்கும் ஊர்ப்பெயரை விரல் வைத்துப் படிப்பார். மகள் கோமளாவுக்கு அப்போது நாலு வயது. அவளும் கூடவே சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்தால் லயத்துப் பெண்கள் படம் பார்க்க வருவார்கள். ஆட்டுக்கல்லில் மாவை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. இருசம்மாள் அக்காள் குடம் சுமந்த பெண்ணின் சேலைக் கரையை விரலால் தடவிப் பார்ப்பாள். எல்லாரும் ஆளுக்கொரு படம் கேட்டார்கள். ஒரே மாதிரி இரண்டு வந்தால் அங்கமுத்து கொடுப்பார். நாளடைவில் லயத்தில் பாதி வீட்டில் கடலும் மலையும் ஏறிவிட்டன.

ஒருநாள் பெத்தம்மாள் கேட்டாள். "சாமி படத்தைக்கூட நீங்க இப்படி உத்துப் பாத்ததில்ல. இதுல அப்படி என்னாதான் இருக்கு?"

அவர் குடம் சுமந்த பெண்ணின் கன்னத்தில் விரலை வைத்தார். பிறகு சொன்னார். "இதுல எல்லாருக்கும் ஒடம்புல சதை இருக்கு, பாத்தியா? சயாம்ல மூணு வருசம் நான் சதை இருக்கற மூஞ்சியே பாக்கல."

அடுத்த படம் வந்தபோது ஒட்டுவதற்குக் கஞ்சியை அவளே காய்ச்சினாள்.

அவசர காலம் வந்தது. மலாய்க்காரர்கள் டாருராட் என்றார்கள், தோட்டத்து ஜனங்களும் அப்படியே சொன்னார்கள். யூனியன் ஆட்களைப் பிடித்துப் போனார்கள். காட்டுக்குள் கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று லயத்தைச் சுற்றி இரட்டை முள்வேலி போட்டார்கள். கீழ் லயத்து வீடுகளைக் கலைத்து எல்லாரையும் மேட்டுக்குக் கொண்டுவந்து அடைத்தார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக்கூடாது, காட்டுக்காரனுக்குப் போய்விடும் என்று. வெறும் வயிற்றோடு மரம் வெட்டிவிட்டு வந்துதான் சாப்பாடு.

பெத்தம்மாளின் தம்பி முனியாண்டிக்கு அப்போது இருபது வயது. தாய் தகப்பன் போனபிறகு அவள் இடுப்பில் வளர்ந்தவன். ரப்பர்ப் பால் சேர்க்கிற ஸ்டோரில் வேலை. தமிழ்ப் பள்ளியில் ஐந்து வரை படித்தவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மாரியம்மன் திருவிழா நோட்டீசைத் தோட்டத்தில் அவன்தான் எழுதுவான்.

ஒரு புதன்கிழமை அவன் வந்து, "அக்கா, ரூம்பு பலகையில சந்து சந்தா இருக்கு, காத்து வருது. மாமா வச்சிருக்கற படத்துல ரெண்டு குடேன்" என்றான்.

கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்ததில் மூன்றை எடுத்துக் கொடுத்தாள். "கேட்டதுக்கு மேல ஒண்ணு சேத்து எடுத்துக்கிட்டுப் போடா" என்றாள். அந்த ஒன்றைத் தானாகக் கொடுத்ததைப் பிற்காலத்தில் அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம், போலீஸ் லாரி வந்தது. வெள்ளைக்கார ஆபீசர் ஒருவர், மாத்தா-மாத்தா என்கிற மலாய்ப் போலீஸ்காரர்கள் நாலைந்து பேர், பேச்சை மாற்றிச் சொல்வதற்குப் பாலகிருஷ்ணன் என்ற தமிழ்க் கிளார்க். நேராகக் கடைசி வீட்டுக்குத்தான் வந்தார்கள். அங்கமுத்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆபீசர் ஒரு தாளை விரித்தார். நாலு மூலையிலும் ஆணி அடித்த ஓட்டை. ஒரு பக்கம் பனிமலை. திருப்பினால் வெள்ளைப் பக்கத்தில் நீல மசியில் பெரிய பெரிய தமிழ் எழுத்து. வேலைக்குப் போகாதீர்கள், காட்டில் இருக்கும் தோழர்களுக்கு உதவுங்கள் என்று எழுதியிருந்ததாம். பன்னிரண்டாம் நம்பர் வெட்டுக்காட்டில் ஒரு மரத்தில் அடித்திருந்தார்களாம்.

"இந்தப் படம் மலாக்காவுல ஒரே ஒரு கம்பெனிக்குத்தான் வருது" என்றார் பாலகிருஷ்ணன். "எடுத்துக்கிட்டு வர்றது நீங்க. யாருக்குக் குடுத்தீங்க?"

அங்கமுத்து எச்சில் கையோடு எழுந்து நின்று அந்த எழுத்தைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"யாருக்கும் குடுக்கலங்க."

"லயத்துல பாதி வீட்டுல இருக்கே?"

"அதெல்லாம் சுவத்துல ஒட்டினதுங்க. போய்ப் பாருங்க. இது எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாது."

பெத்தம்மாள் அடுப்படியில் நின்றிருந்தாள். வாசலில் கூடிய கூட்டத்தில் முனியாண்டி நின்றதை அவள் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தால் தம்பி போய்விடுவான். திறக்காவிட்டால், ஒன்றும் செய்யாத மனுஷனை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள் என்று அந்த ஒரு நிமிஷத்தில் அவள் மனசு கணக்குப் போட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை.

சுவரில் இருந்ததையெல்லாம் மாத்தா-மாத்தாக்கள் கிழித்தார்கள். மரவள்ளிக் கஞ்சி நன்றாகப் பிடித்திருந்ததால் முழுசாக வரவில்லை. யானையின் கால் ஒரு பலகையில் நின்றது, மாளிகையின் பாதி இன்னொன்றில். அங்கமுத்துவை ஏற்றிக்கொண்டு லாரி போன கையோடு லயத்துக்காரர்கள் தங்கள் வீட்டுப் படங்களைத் தண்ணீர் ஊற்றிச் சுரண்டி, வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். இருசம்மாள் அக்காள் அழுதுகொண்டே சுரண்டினாள். அன்று சாயங்காலம் வேலிக்கதவு சாத்துவதற்குள் முனியாண்டி வெளியே போனான். திரும்பி வரவில்லை.

ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. மூன்றாம் மாதம்தான் தடுப்பு முகாமில் அவரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போனாள். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். நாலடி தள்ளி ஒரு காவல்காரர்.

"என்னாங்க, நான் ஒண்ணு சொல்லணும். அந்தப் படத்தை..." என்று ஆரம்பித்தாள்.

"கோமளாவுக்கு இருமல் நின்னுச்சா?" என்றார் அவர்.

"நின்னுச்சு. அந்தப் படத்தை நான்தான்..."

அவர் முகத்தைக் கம்பியருகே கொண்டுவந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது. "முனியாண்டி எழுத்து எனக்குத் தெரியாதா, பெத்தா? வருசா வருசம் கோயில் நோட்டீசு படிக்கிறேனே. நீ குடுத்தா என்ன, அவனா எடுத்தா என்ன. அவன் பேரை நான் சொல்லியிருந்தா தூக்குல போட்டிருப்பாங்க. எனக்கு என்னா, ரெண்டு மாசம், நாலு மாசம். சயாமையே பாத்துட்டு வந்தவன்."

"நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"சொல்லாத. இப்பயும் சொல்லாத."

நேரம் ஆகிவிட்டது என்று காவல்காரர் வந்தார். எழுந்து போகும்போது அங்கமுத்து திரும்பி, "சுவத்துல மிச்சம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். யானைக் கால் இருக்கிறது என்றாள். அவர் சிரித்தார். அவள் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி.

அவர் சொன்ன நாலு மாதம் பொய்யாயிற்று. ஐம்பதாம் வருஷம் கடைசியில் பாலகிருஷ்ணன் ஒரு காகிதத்தோடு வந்தார். அங்கமுத்து இந்த நாட்டில் பிறந்தவர் இல்லை, அதனால் இந்தியாவுக்கு நாடு கடத்துகிறார்கள், விரும்பினால் பெண்டாட்டி பிள்ளையும் கூடப் போகலாம் என்று வாசித்துச் சொன்னார். பெத்தம்மாளுக்கு இரண்டு நாள் டைம் இருந்தது. போகலாம் என்று துணி மூட்டையும் கட்டினாள். அங்கமுத்துவிடமிருந்து பாலகிருஷ்ணன் மூலமாக ஒரு வார்த்தை வந்தது: வராதே, அங்கே எனக்கு யாரையும் தெரியாது, நான் காலூன்றிக்கொண்டு கூப்பிடுகிறேன். காட்டுக்குள் இருக்கும் தம்பி ஒருநாள் வந்து கதவைத் தட்டினால் யார் இருப்பார்கள் என்ற எண்ணமும் அவளுக்கு இருந்தது. எதனால் மூட்டையை அவிழ்த்தாள் என்று அவளுக்கே பிறகு தெளிவாகத் தெரியவில்லை. கப்பல் கிளம்பிப் போனதே அவளுக்கு ஐந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கடிதம் வந்தது. தோட்டத்துக் கிராணி சாமிநாதன் படித்துச் சொன்னார். 'படம் வரைந்தவன் எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை போலிருக்கிறது. ஏரி இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. மூன்று வருஷமாக மழை பொய்த்துவிட்டதாம். குடம் எடுத்துப் போகும் பெண்கள் யாரும் சிரிக்கக் காணோம். ஆனால் வானத்தை மட்டும் அவன் சரியாகத்தான் போட்டிருக்கிறான். என்னைப் பார்த்தவர்கள் மலாய்க்காரன் என்கிறார்கள். பங்காளி வீட்டு மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொள்கிறேன். கோமளாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு.'

பதில் எழுதவும் கிராணியாரைத்தான் கேட்க வேண்டும். அதனால் பெத்தம்மாளின் கடிதங்களில் சுகம், சுகம் என்பதைத் தவிர வேறொன்றும் இருக்காது. சொல்ல வேண்டியதை இன்னொருவர் பேனாவில் போட அவளால் முடியவில்லை.

அந்த நாட்களில் நிஜமான விமானங்களே தோட்டத்துக்கு மேல் பறந்தன. காட்டு ஓரமாகத் தாழப் பறந்து காகிதம் கொட்டும். சரணடைந்தால் மன்னிப்பு உண்டு என்று சீனத்திலும் மலாயிலும் தமிழிலும் அச்சடித்த காகிதம். காற்றில் திசைமாறி லயத்துக் கூரையிலும் விழும். கோமளா பொறுக்கி வருவாள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தாள். ஒவ்வொரு காகிதத்தையும் பெத்தம்மாள் படிக்கச் சொல்லிக் கேட்பாள்.

"அம்மா, எல்லாத்துலயும் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு."

"இருக்கட்டும். படி."

இது அவன் கையில் கிடைக்க வேண்டும், கிடைத்து அவன் படிக்க வேண்டும் என்று அவள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

ஐம்பத்தொன்றில், தைப்பூசம் கழிந்த வாரம், பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடித்ததும் ஜனங்களை லாரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். போலீஸ் ஸ்டேஷன் முன்னால் புல்லில் மூன்று உடல்கள் கிடந்தன. வரிசையாகப் போய்ப் பார்த்துத் தெரிந்தவன் இருந்தால் சொல்ல வேண்டும். முதல் இரண்டும் சீனப் பையன்கள். மூன்றாவது முனியாண்டி. அவன் அவ்வளவு இளைத்திருந்தான். கன்னத்தில் ஒட்டிய எலும்பைப் பார்த்ததும், வாசலில் கிழங்கு வாங்கித் தின்ற புருஷனின் முகம் அவளுக்கு நினைவு வந்தது.

முன்னால் போனவர்கள் எல்லாரும் தெரியாது என்று தலையாட்டிவிட்டு நகர்ந்திருந்தார்கள். தெரியும் என்று சொன்னால் என்ன வரும் என்று எல்லாருக்கும் பயம். பெத்தம்மாள் நகரவில்லை. புல்லில் உட்கார்ந்து, முந்தானையால் அவன் வாயோரம் இருந்த எறும்புகளைத் தட்டிவிட்டாள்.

"எந்திரிங்கக்கா" என்றார் பாலகிருஷ்ணன்.

"என் தம்பி, சார். முனியாண்டி. அந்தப் படத்தை இவனுக்குக் குடுத்தது நான். என் வீட்டுக்காரரு குடுக்கல. அவருக்கு ஒண்ணும் தெரியாது. எழுதிக்குங்க."

பாலகிருஷ்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். "இப்ப சொல்லி என்னாக்கா ஆவப் போவுது? அவருதான் இந்தியாவுக்குப் போயிட்டாரே. உங்களையும் புடிச்சு உள்ள வச்சா அந்தப் புள்ளய யாரு பாக்கறது?"

"எழுதிக்குங்க சார்."

அவர் எழுதிக்கொண்டார். அவளை இரண்டு நாள் வைத்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். உடலைத் தரவில்லை. பாலகிருஷ்ணனே ஒரு மனுவும் எழுதிக் கொடுத்தார், அங்கமுத்துவைத் திரும்ப விடச் சொல்லி. மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. உத்தரவை மாற்றுவதற்கில்லை. தம்பியைக் காப்பாற்ற இரண்டு பேர் வாயைக் கட்டிக்கொண்டிருந்ததும் வீண், அதற்குப் பிறகு ஒருத்தி வாயைத் திறந்ததும் வீண்.

ஐம்பத்துமூன்றில், நாட்டிலேயே முதல்முதலாக மலாக்காக் கடலோரப் பக்கத்தை 'வெள்ளைப் பகுதி' என்று அறிவித்தார்கள். இனி அங்கே ஊரடங்கு இல்லை, சோற்றுச் சோதனை இல்லை. கொஞ்ச நாளில் ஆறாம் கட்டையிலும் கெடுபிடி தளர்ந்தது. பெண்கள் முதல் நாள் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துப் போய், வெட்டு முடிந்து மரத்தடியில் உட்கார்ந்து தின்றார்கள். சிரிப்பும் பாட்டுமாக இருந்தது. பெத்தம்மாளும் தின்றாள். மறுவாரமே இரண்டாவது மனுக் கொடுத்தாள்.

அதற்குப் பதில் வருவதற்கு முன்னால் ராசிபுரத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அங்கமுத்துவின் கையெழுத்து இல்லை, பங்காளி எழுதியிருந்தார். இப்போது படித்துச் சொல்லக் கோமளா இருந்தாள். பத்து வயது. 'அண்ணன் அங்கமுத்து ஆடி மாதம் ஏழாம் தேதி விஷக்காய்ச்சலில்' என்பது வரை படித்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

"படிம்மா" என்றாள் பெத்தம்மாள்.

"அவ்ளோதாம்மா."

"இன்னும் ரெண்டு வரி இருக்கு பாரு. படி."

'அண்ணன் கடைசி மட்டும் அண்ணியைப் பற்றி நல்லபடியாகவே பேசினார்' என்று இருந்தது.

அன்று மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, படம் கொடுத்த புதன்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கோமளா கடைசி வரை கேட்டாள். "மாமாவ ஏம்மா நீ அடிக்கல?" என்று மட்டும் கேட்டாள். 

பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்க அங்கமுத்துவின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. கல்யாணத்தில் எடுக்கவில்லை, அப்புறமும் எடுக்கவில்லை. அடையாளக் கார்டில் ஒட்டியிருந்ததைப் போலீஸ் வாங்கிக்கொண்டது. அப்பா முகம் மறந்துபோகிறது என்று கோமளா ஒருநாள் சொன்னதும், பெத்தம்மாள் பாலகிருஷ்ணனைத் தேடிப் போனாள். அவர் எங்கே சொன்னாரோ, யாரிடம் கேட்டாரோ, ஆறு வாரம் கழித்து ஒரு சின்ன போட்டோவைக் கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். முகாமில் எடுத்தது. நெஞ்சுக்கு நேராக நம்பர் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார் அங்கமுத்து.

அதை எடுத்துக்கொண்டு ஜாசினில் ஒரு போட்டோக் கடைக்குப் போனாள். கடைக்காரர் தம்புசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். 

"பெருசு பண்ணிடலாம்மா. நம்பரை அழிச்சுட்டு வெள்ளைச் சட்டை போட்டுர்றேன். கலரும் குடுத்துரலாம். பின்னாடி என்னா வேணும்? கடல் இருக்கு, தாஜ்மகால் இருக்கு, மாடிப்படி இருக்கு. பிளேன்ல ஏறப் போறாப்ல ஒரு சீனு இருக்கு, எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க இப்ப."

பெத்தம்மாள் அந்தச் சின்னப் போட்டோவைத் திரும்ப ஒருதரம் பார்த்தாள்.

"ஒண்ணும் வேணாம், அண்ணே. வெறும் சுவரு போதும். மூஞ்சியில மட்டும் கொஞ்சம் சதை போட முடியுமா?"

முடியும் என்றார் அவர். கன்னத்தில் நிழலை நிரப்பி, கழுத்து எலும்பை மூடி, இரண்டு வாரத்தில் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியபோது இருசம்மாள் அக்காள் வந்து பார்த்துவிட்டு, "சயாமுக்குப் போறதுக்கு முந்தி இப்படித்தாண்டி இருந்தாரு" என்றாள்.

பெத்தம்மாள் மறுநாள் காலைப் பெரட்டுக்கு வழக்கம்போலப் போனாள். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தபோதும் அதே தோட்டத்தில்தான் மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். கோமளா ஜாசினில் பஸ் ஏறிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டாவது மனுவுக்குப் பதில் ஐம்பத்தைந்தில் வந்தது, அங்கமுத்துவின் பெயருக்கு, பரிசீலனையில் இருக்கிறது என்று.